இழுத்துக்கொள்ளாத கால்

கவிதா, தினேஷ், உங்களோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் தினேஷ் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். ‘ஷாக்’ வகைகள். பயத்தில் வருகிற அதிர்ச்சி இல்லை இது. உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் போக வேண்டிய ரத்தம் போய்ச் சேராமல் ஆள் உள்ளுக்குள் அணைந்துகொண்டு வருகிற நிலை. ரத்தம் இழந்தால் நாடி வேகம், தோல் குளிர்ச்சி. கிருமி ரத்தத்தில் பரவினால் முதலில் தோல் சூடு. இதயம் தளர்ந்தால் மூச்சுத் திணறல், கழுத்து நரம்பு புடைப்பு. தண்டுவடம் அடிபட்டால் நாடி மெதுவு, கால் சூடு. ஒவ்வாமை என்றால் தடிப்பு, மூச்சில் விசில். கட்டம் கட்டமாக அழகாக இருந்தது.

“இது மனப்பாடமாயிட்டா போதும்லா அப்பா. ஆளப் பாத்ததும் எந்த வகைன்னு சொல்லிடலாம்” என்றான்.

அதே மாதிரித் தாள் மெர்போக் பக்கம் நான் வேலை பார்த்த தோட்டத்துக் கிளினிக் சுவரிலும் ஒட்டியிருந்தது. நானே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. அதற்கு நேர் கீழே ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில்தான் மாரியப்பன் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஐந்தாம் படிவத்துப் பள்ளிப் படிப்போடு நின்று, தோட்டத்துக் கிளினிக்கில் பஞ்சு வெட்டிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி, டாக்டர் இல்லாத நாளில் ஆட்களைப் பார்த்து மருந்து கொடுக்கிற டிரெசர் ஆனவன். கிளினிக்கில் நானும் லெட்சுமி அக்காவும் மட்டும்தான். அக்கா பதிவு எழுதுவார், மருந்து எடுத்துக் கொடுப்பார், தரையும் துடைப்பார். வாரத்தில் ஒரு நாள் சுங்கை பட்டாணியிலிருந்து டாக்டரம்மா வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேச்சு மெதுவாக இருக்கும், ஆனால் சுருக்கென்று குத்தும். மற்ற நாட்களில் அவர் எனக்குத் தொலைபேசியில்தான்.

தோட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்க்காதவர்களுக்கு எம்சி விளையாட்டு தெரியாது. காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு ஆட்களைக் குலை வெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடம்பு முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். முடிந்தவர்களும் வருவார்கள். நான் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதினால் அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம், சம்பளமும் உண்டு. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கிளினிக்கைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு உள்ளே நுழைவது. “டிரெசர், நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாடியப் பாருங்க.”

பார்த்தால் நாடி நூற்று இருபதில் நிற்கும். அதற்கு நானும் ஒரு வழி வைத்திருந்தேன். “அங்க பெஞ்சுல பத்து நிமிஷம் ஒக்காரு.” பத்து நிமிடத்தில் நாடி எண்பதுக்கு இறங்கிவிடும். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன், வெட்டுக்குப் போய்விடுவார். இந்த ஓட்டத்துக்கு மாரியப்பன்தான் தலைவர். செம்பனை மரத்தில் பழக்குலை வெட்டுகிறவர், வயது நாற்பத்தாறு. ரப்பர் பூட்ஸோடு சரளைக் கல்லில் அவர் ஓடி வரும் சத்தம் கேட்டதும் லெட்சுமி அக்கா எழுந்திருக்காமலே சொல்வார்: “மோட்டார் வருது டிரெசர். பெஞ்சத் தொடச்சு வைக்கட்டா?”

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பூட்ஸை வெளியே கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே வருவார்கள். ஆனால் காலைத் தொட விடமாட்டார்கள். முள் எடுக்கக் குனிந்தால்கூடக் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “ஐயோ டிரெசர், கால நீங்க தொடக்கூடாது” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்கும் அது பழகிவிட்டது. கையைப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன். காலை விட்டுவிடுவேன்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை இருக்கும். விடியற்காலை பெய்த மழையில் சரளை ஈரமாக இருந்தது. மோட்டார் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது மாரியப்பன் வாசலில் நின்றார். நடந்தே வந்திருந்தார்.

“என்ன மாரி, இன்னிக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆகலியா?”

வழக்கமாக இதற்கு இரண்டு மடங்கு பதில் கொடுக்கிற ஆள். அன்று சிரிக்கவில்லை. “தோளு வலிக்குது டிரெசர். எடது தோளு. ஒரு எம்சி குடுங்க.”

குலை வெட்டுகிறவர்களுக்குத் தோள் வலிக்காத நாள் உண்டா? நீளக் கழியில் அரிவாளைக் கட்டி நாள் முழுக்க அண்ணாந்து அறுக்கிற வேலை. தோளை அமுக்கிப் பார்த்தேன். அமுக்கின இடத்தில் வலியில்லை என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். வலிக்கிற இடத்தை அமுக்கி வலிக்கவில்லை என்றால், வலி வேறெங்கிருந்தோ வருகிறது. நான் நிற்கவில்லை.

ரத்த அழுத்தம் எடுத்தேன். நூற்றுப் பத்துக்குத் தொண்ணூறு. நாடி எழுபத்தெட்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாரியப்பனுக்கு அழுத்தம் எப்போதும் நூற்று அறுபதுக்குக் குறையாது. மாதா மாதம் மாத்திரையை நான்தான் எண்ணிக் கொடுப்பேன். “மாத்திர நல்லா வேல செய்யுது மாரி” என்றேன். நாடியும் ஓடாத நாடி. ஓடி வரவில்லை, பொய் இல்லை, ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று என் மனம் கணக்கை முடித்துவிட்டது. பதிவில் மூச்சு எண்ணிக்கைக்கான இடத்தில் ‘20’ என்று எழுதினேன்.

“பத்து நிமிஷம் ஒக்காரு. தைலம் எடுத்துத் தர்றேன்.”

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அடுத்த ஆளின் கைக்காயத்துக்குக் கட்டுப் போடப் போனேன்.

சற்று நேரம் கழித்து லெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “டிரெசர், மாரி சண்ட போடாம ஒக்காந்திருக்காரு.”

“இருக்கட்டும் அக்கா.”

“எப்ப அவரு பத்து நிமிஷம் வாய மூடி ஒக்காந்திருக்காரு? ரெண்டு தடவ தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. இப்ப சூடா மைலோ கலக்கித் தர்றீங்களான்னு கேக்குறாரு. கொட்டாவி வேற விடுறாரு. எனக்குச் சரியாப் படல.”

அக்கா அந்தச் சுவர்த் தாளை ஒரு நாளும் படித்ததில்லை. மாரியப்பனைத்தான் படித்திருந்தார்.

திரும்பி அழுத்தம் எடுத்தேன். தொண்ணூற்று நாலுக்கு எழுபத்தெட்டு. நாடி எண்பத்திரண்டு. நெற்றியில் வேர்வை. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே பதினாறுதான் இடைவெளி. சுவரைப் பார்த்தேன். ரத்தம் போகிறது என்றால் நாடி பறக்க வேண்டும். பறக்கவில்லை. அழுத்தம் இறங்கியும் நாடி மெதுவாக இருந்தால் தண்டுவடம் என்கிறது தாள். தோள் வலி, வேர்வை என்றால் மாரடைப்பாகவும் இருக்கலாம். மூன்று கட்டத்திலும் பாதிப் பாதி பொருந்தினார். எந்தக் கட்டத்திலும் முழுதாக இல்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். எண்களைச் சொன்னேன்.

“அந்த நாடியை எதுக்கு நம்புறீங்கள்?” என்றார். “அவர் என்ன மாத்திரை எடுக்கிறவர்?”

மாத்திரையின் பெயரைச் சொன்ன அடுத்த நொடி எனக்கே உறைத்தது. இதயம் வேகமாக அடிக்காமல் பிடித்து வைக்கிற மாத்திரை அது. ரத்தம் எவ்வளவு போனாலும் நாடி எழுந்து ஓட முடியாது. கயிற்றைக் கட்டிவிட்டதே நான்தான்.

“மூச்சு எத்தனை?”

“இருபது டாக்டர்.”

“எண்ணினீங்களா, எழுதினீங்களா?”

பதிவில் நான் எழுதியிருந்த ‘20’ஐப் பார்த்தேன்.

“ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்கோ. நான் லைன்ல நிக்கிறன்.”

எண்ணினேன். முப்பத்திரண்டு. மாத்திரை நாடியைக் கட்டிப்போட்டது. மூச்சைக் கட்டவில்லை. பன்னிரண்டு நிமிடமாக அந்த மூச்சு என் கண் முன்னாலேயே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

“கழுத்து நரம்பு?”

“படிஞ்சு கிடக்கு டாக்டர். நெஞ்சுல மூச்சு இரையுற சத்தம் இல்ல.”

“அப்ப இதயம் முதல் சந்தேகம் இல்லை. காய்ச்சல்?”

“இல்ல. தடிப்பும் இல்ல.”

“அடி ஏதும் பட்டவரா?”

மாரியப்பனிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “காலைல மொத மரத்துலயே ஒரு கொல எடது விலாவுல ஒரசிக்கிட்டுப் போச்சு. பெருசா ஒண்ணுமில்ல டிரெசர்.”

நன்றாக விளைந்த குலை ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். அது உயரத்திலிருந்து வந்தால் உரசாது.

“இடது விலாவோ? அப்ப மண்ணீரல். தோள் வலி அங்க இருந்துதான் வருது” என்றார் டாக்டரம்மா. “தண்டுவடம் இல்லை எண்டு எனக்குத் தெரிய வேணும். காலைத் தொட்டுப் பாருங்கோ. அதில காயம் எண்டால் கால் சூடா, காஞ்சு இருக்கும். அசைக்கவும் ஏலாது.”

நான் முழங்காலிட்டு அவர் பாதத்தைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி ஜில்லென்று, ஈரமாக இருந்தது. குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியிருந்தது. விரலை ஆட்டச் சொன்னேன், ஆட்டினார். ஆனால் என்னைப் பயமுறுத்தியது அந்தக் குளிர் இல்லை. மாரியப்பன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ‘ஐயோ டிரெசர்’ என்று சொல்லவில்லை. என் இரண்டு கையிலும் பாதத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தனை வருட வேலையில் தோட்டத்தில் ஒரு ஆள் தன் காலை என் கையில் அப்படி விட்டது அதுதான் முதல் தடவை.

“ஜில்லுனு இருக்கு டாக்டர். வேர்வை. அசைக்கிறாரு.”

“அப்ப உள்ளுக்க ரத்தம் போகுது. ஊசி போட்டுச் சேலைன் தண்ணி ஏத்துங்கோ, ஆனா அதை ஏத்திக்கொண்டு அங்கேயே நிக்காதேயுங்கோ. அவருக்கு வேண்டியது ஆபரேஷன் மேசை. வாய்க்கு ஒண்டும் குடுக்க வேண்டாம்.”

லெட்சுமி அக்கா கையில் மைலோவோடு நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அது வரும்வரை காத்திருப்பதா, தோட்டத்து வேனில் ஏற்றுவதா? வேனில் ஆக்சிஜன் உருளை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வழியில் ஏதாவது ஆனால், ‘யாரைக் கேட்டு ஏற்றினாய்?’ என்ற கேள்வி என் கழுத்துக்கு வரும். அந்தப் பயம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடத்தை நான் பெஞ்சுக்குக் கொடுத்திருந்தேன். இன்னும் நாற்பது நிமிடத்தைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. சேலைன் பாட்டிலோடு அவரை வேனில் ஏற்றி நானும் ஏறினேன். அவர் மனைவி சரஸ்வதி, திகாம் பத்து என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்கு அக்கா தகவல் சொன்னார்.

வேன் பெரிய சடக்கில், தார் ரோட்டில் ஏறினதும் மாரியப்பன் கண்ணைத் திறந்தார்.

“டிரெசர்… எம்சி எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன் மாரி. எத்தன நாளு வேணும்?”

“இன்னிக்கு மட்டும் போதும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் நுழைவாசலில் ஆட்களை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள் இல்லையா, அங்கே ஒரு இளைஞர் நின்றார். கவிதா வயதுதான் இருக்கும். அழுத்தம் எடுத்தார். வழியில் ஏற்றிய தண்ணீரில் அது கொஞ்சம் ஏறி நூற்று இரண்டில் இருந்தது. நாடி எண்பத்தைந்து.

“நாடி ஓகேலா அங்கிள். மஞ்சளுக்குக் கொண்டு போங்க, டாக்டர் வந்து பாப்பாரு.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் செய்ததைத்தான் அவர் செய்தார். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப், என் காலில் சேறு படிந்த செருப்பு. சரி என்று தலையாட்டிவிட்டு மஞ்சளுக்குப் போவது எவ்வளவு சுலபம் தெரியுமா? போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“தம்பி, ஒரு நிமிஷம்” என்றேன். “நாடிய அடக்குற மாத்திர சாப்பிடுறவரு. வழக்கமான பிரஷர் நூத்தி அறுவது. மூச்ச எண்ணிப் பாருங்க. காலத் தொட்டுப் பாருங்க.”

“அங்கிள், ஆளுங்க நிக்கிறாங்கலா…”

“தொட்டுப் பாருங்க தம்பி. அப்பறம் நீங்க மஞ்சள்னா மஞ்சள்.”

அவர் தொட்டார். இன்னொரு காலையும் தொட்டார். பிறகு சிவப்புப் பகுதியைப் பார்த்துச் சத்தம் போட்டார். டாக்டரம்மாவும் முன்கூட்டியே அழைத்துச் சொல்லியிருந்ததால் உள்ளே அறுவை மருத்துவரைக் கூப்பிட நேரமாகவில்லை. மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கிளினிக்குக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். மூச்சு இருபது, இருபது, இருபது. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தோட்டத்தில எல்லாரும் ஒரே மாதிரித்தான் மூச்சு விடுகினம் போல.”

அன்றிலிருந்து நான் எண்ணாமல் எழுதியதில்லை.

ஆனால் பிள்ளைகளே, பாடம் படித்துவிட்டோம் என்ற நினைப்பும் ஒரு பொறிதான். சில மாதம் கழித்து ஒரு ஓட்டுநரின் மனைவியை இடுப்பு வலி, குளிர் நடுக்கம் என்று கொண்டு வந்தார்கள். நான் முதல் வேலையாகக் காலைத் தொட்டேன். கதகதவென்று இருந்தது. கை சிவந்து, கன்னமெல்லாம் சிவந்து. ‘கால் சூடு, இது ஷாக் இல்லை’ என்று வாய்வரை வந்துவிட்டது. மாரியப்பனின் காலை இந்தப் பெண்ணுக்கு மாட்டப் பார்த்தேன். நல்ல வேளை, கண் தன் பாட்டில் மூச்சை எண்ணியது. அழுத்தம் எண்பத்தெட்டுக்கு நாற்பது, நாடி நூற்று முப்பது. அங்கே அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் தூர தூரப் போய் நின்றன. சிறுநீரகத்தில் பிடித்த கிருமி ரத்தத்தில் கலந்து, ரத்தக் குழாய்களெல்லாம் தளர்ந்து திறந்துகிடந்தன. அதனால்தான் அந்தச் சூடு. விட்டிருந்தால் அந்தக் காலும் பிறகு குளிர்ந்திருக்கும். உடனே அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். கட்டம் போட்ட தாள் தப்பில்லை தினேஷ். ஆனால் தாளில் இருக்கிறவர் மாத்திரை சாப்பிடாதவர், பொய் சொல்லாதவர், கூச்சப்படாதவர். உன் முன்னால் வருகிறவர் அவர் இல்லை.

கடைசியாக, வார்டில் நடந்தது. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அறுவை முடிந்து நாலாம் நாள் போனேன். மாரியப்பன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரஸ்வதி. என் மனதில் அந்தப் பெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. மறைக்க முடியவில்லை. “சரசு, இவரு வந்ததும் நான் சரியாப் பாக்கல. பன்னெண்டு நிமிஷம் ஒக்கார வச்சுட்டேன். தப்பு எம்மேல” என்றேன்.

சரஸ்வதி புருஷனைப் பார்த்தார். மாரியப்பன் சிரித்தார். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்தினார்.

“பன்னெண்டு நிமிஷம் என்னா டிரெசர். நான் வீட்லயே ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தேன்ல.”

“எதுக்கு?”

“அடிபட்டதும் நேரா வரலாம்னுதான் பாத்தேன். ஓட முடியல. ஓடி வந்தா பெஞ்சுலயாச்சும் ஒக்கார வைப்பீங்க. ஓடாம வந்தா நாடி ஏறாது, நீங்க எம்சி தரமாட்டீங்க, சும்மா வந்துருக்கான்னு அனுப்பிடுவீங்க. கொஞ்சம் வலி கொறையட்டும், ஒரு ரவுண்டாச்சும் ஓடிட்டுப் போவோம்னு இருந்தேன். கொறையவே இல்ல.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சரஸ்வதி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் என்னுடையதுதான். ஓடுகிறவனைச் சிரித்துக்கொண்டே சோதித்துச் சோதித்து, ஓட முடியாதவனுக்கு என் வாசல் திறக்காது என்று தோட்டத்துக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அது தெரியவே தெரியாது.

புறப்பட எழுந்தேன். கட்டில் ஓரத்தில் போர்வைக்கு வெளியே அவர் பாதம் தெரிந்தது. கை தானாகப் போனது. தொட்டேன். சூடாக, காய்ந்து இருந்தது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“ஐயோ டிரெசர்! கால நீங்க தொடக்கூடாது!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலியில் முகத்தைச் சுளித்தார். நான் அங்கேயே ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். சரஸ்வதி எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.